பதினைந்து இருபத்திரண்டு

இந்தத் தடவையும் மூன்றாவது சுற்றில் ரயில் அதே இடத்தில்தான் நின்றது.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிகளின் பக்கங்களை வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி மெர்சி செய்த நீளமான குகை அது. கறுப்பு நீராவி எஞ்சின் தலையை நுழைக்கும். பின்னால் வரும் ஐந்து பெட்டிகளில் நான்கு நுழையும். கடைசிப் பெட்டியின் வால் மட்டும் வெளியே தெரிய, எல்லாம் அப்படியே நின்றுவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். உள்ளே யாரோ கையை நீட்டி எஞ்சினைப் பிடித்துக்கொண்டதுபோல.

கடைசிப் பெட்டியை விரலால் லேசாகத் தட்டினாள். ரயில் மறுபடி கிளம்பியது.

"வுடுங்க அண்ணி," என்றான் பகலவன். "டாக்டர் இன்னா, சுத்திச் சுத்திப் பாத்துக்கினேவா இருக்கப் போறாரு? ரெண்டு ரவுண்டு ஓடினா போதும்."

"மூணாவது ரவுண்டுல நிக்குதுன்னு தெரிஞ்சே எப்பிடிப்பா குடுக்கறது? ரிஜெக்ட்டு பீஸ் அது."

"இங்க கூடவா உங்க கம்பெனி பேச்சு?"

பகலவன் அவளுடைய கணவன் உதயசூரியனின் தம்பி. சூரியனை விட்டால் வேறு பெயரே தெரியாத ஒரு அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேரில் இளையவன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. அண்ணனும் அதே கம்பெனியில்தான் மெயின்டனன்ஸில் இருந்தான். 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட அன்று, ஷிஃப்ட் முடிந்து பைக்கில் கிளம்பிய உதயன் வீடு வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் பைக் சேற்றில் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

ஏழு வருஷம் காத்திருந்து, வழக்குப் போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்து, போன வருஷம்தான் கோர்ட் அவனை இறந்தவனாகக் கருதலாம் என்று எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெர்சி பதிவு அலுவலகத்தில் தேவராஜனுக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடப்போகிறாள். தேவராஜன் அவள் வேலை செய்யும் கம்பெனியின் பஸ் டிரைவர். நாலு வருஷமாக, அவள் ஏறும் தண்டலம் ஸ்டாப்பில் மட்டும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பவர்.

இன்று சனிக்கிழமை.

செல்போன் அதிர்ந்தது. அவர்தான்.

"ரயில் ஓடுதா மெர்சி?"

"ஓடுது. நிக்குது. தட்டினா திரும்ப ஓடுது."

"அப்போ நம்ம பஸ் ஜாதிதான் அது," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனுக்கு மனசில்லன்னா விக்காதம்மா. அது பாட்டுக்கு நம்ம வூட்ல ஒரு மூலைல இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லங்க. போவட்டும்," என்றாள் மெர்சி.

போகட்டும் என்றுதான் பதினான்கு நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜெர்மனியில் செய்த பொம்மை ரயில் செட். அறுபது வயதுக்குக் குறையாது. மூடிப்போன ஒரு கம்பெனியின் பங்களாவைக் காலி செய்தபோது சுங்குவார்சத்திரம் காயலான் கடைக்கு வந்த மரப்பெட்டிக்குள் இருந்தது. 2012-இல் உதயன் அதை எடைக்கு வாங்கி வந்து, சம்பளம் வாங்கிய நாளைவிட அதிகம் சிரித்தான். அடையாற்றுக் கரையோர வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டுவான். வெள்ளத்தில் மிக்சி, அயர்ன் பாக்ஸ், கல்யாண ஆல்பம் எல்லாம் போய், ரயிலைப் போட்டுப் பரணில் வைத்திருந்த ட்ரங்குப் பெட்டி மட்டும் தப்பியது. அவள் அந்த வீட்டைக் காலி செய்தபோது பகலவன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், கேட்காமலே தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.

"புது வூட்டுக்குப் போறப்போ பழசு கூட வரக் கூடாது அண்ணி. வித்துடுங்க. ஓடற நெலமைல இருந்தா நல்ல வெலைக்குப் போவும். பத்து வருஷமா பரண்ல கெடந்துது, ஒருத்தரும் கைய வெக்கல. நீங்கதான் சால்டரிங் போடறவங்களாச்சே." படி இறங்கப் போனவன் திரும்பி நின்று சொன்னான்: "ட்ரான்ஸ்ஃபார்மர மட்டும் தொறக்காதீங்க. கரண்டு அடிக்கும். வெளி வயர நானே கடைல குடுத்து மாத்திக்கினு வந்துட்டேன்."

மெர்சி ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ரீவொர்க் லைனில் இருக்கிறாள். மற்றவர்கள் தவறவிட்டதைச் சரிசெய்து அனுப்புவது அவள் வேலை. உதயன் போன பிறகு சேர்ந்த வேலை. பத்து வருஷத்தில் கை பழகிவிட்டது. ஏ ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தண்டவாளத் துருவை ரப்பரால் தேய்த்தாள். ஸ்பிரிட் தோய்த்த காது குச்சியால் சக்கரம் சக்கரமாக அழுக்கு எடுத்தாள். பெட்டிகளின் விளக்கு வயர் தொட்டால் அப்பளமாக உடைந்தது. புது வயர் வைத்துப் பற்றவைத்தாள்.

எஞ்சின் மட்டும் ஆச்சரியமாக இருந்தது. போன புதன்கிழமை அதன் மேல்மூடியைக் கழற்றியபோது, உள்ளே மோட்டார் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு காகித டேப். அதில் நாலு எண்கள்.

1522.

உதயனின் கையெழுத்து. ஒன்றுக்குக் கீழே கோடு போடுவான்; அது வேறு யாருக்கும் வராது. எதைப் பிரித்து மாட்டினாலும் ஒரு டேப் ஒட்டித் தேதிக் குறியீடு எழுதுவது கம்பெனியில் இருந்து அவன் வீட்டுக்கு எடுத்துவந்த பழக்கம். மிக்சிக்கு அடியில் ஒட்டியிருப்பான். அது என்ன நம்பர் என்று அவள் அந்த நாளில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

இப்போது கேட்க வேண்டியதில்லை. அவளுடைய கம்பெனியில் எல்லா போர்டிலும் இதே நாலு எண்தான். முதல் இரண்டு வருஷம்; அடுத்த இரண்டு அந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம். பதினைந்து, இருபத்திரண்டு. 2015, இருபத்திரண்டாவது வாரம். மே மாதக் கடைசி. வெள்ளத்துக்கு ஆறு மாதம் முன்னால் அவன் கடைசியாகத் தொட்ட இடம்.

அன்று அழுதாள். அழுது முடித்ததும் மனசு லேசாகி, இனி கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் சூடான எண்ணெய் வாசனை. ட்ரங்கு வந்த நாளிலிருந்து போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. நேற்றுக் காலையில் காபி ஆற்றும்போது இரண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தாள்.

கீழே கார் வந்து நின்றது.

டாக்டர் சண்முகசுந்தரம் சென்னையில் பல் மருத்துவர். பழைய ரயில் செட் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். பகலவன் இணையத்தில் தேடிப் பிடித்த ஆள். வந்தவர் காபி வேண்டாம் என்றார். நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெயின்ட் எதுவும் தொடலையேம்மா?"

"தொடைச்சேன் சார். அவ்ளோதான்."

"பிழைச்சேன். புதுசா அடிச்சிருந்தீங்கன்னா பாதி வெலை அங்கேயே போயிருக்கும்." பெட்டி ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "தகரத்துல அச்சடிச்சது. ஜன்னலுக்கு ஜன்னல் திரை வரைஞ்சிருக்கான் பாருங்க. அட்டைப்பெட்டி இருக்கா? மூடியோட? நல்லது. எங்க வட்டாரத்துல ரயிலுக்குப் பாதி, பெட்டிக்குப் பாதி."

"சார், வாய் தொறக்கச் சொல்லாம பல்லு பாக்கறாரு," என்றான் பகலவன்.

"இப்போ தொறக்கத்தான் போறேன்," என்றார் டாக்டர். சின்ன ஸ்க்ரூடிரைவரால் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். குச்சி முனையால் மோட்டாரின் அச்சைத் தொட்டு, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே தேய்த்தார்.

"மோட்டாருக்கு எண்ணெய் போட்டது யாரு?"

"நான் மோட்டார்ல கைய வெக்கல சார்."

"பத்து வருஷம் பரண்ல இருந்த எண்ணெய் பசையா இறுகியிருக்கும். கோந்து மாதிரி. இது தண்ணியா இருக்கு. இதோ, கார்பன் பிரஷ்ஷும் மாத்தியிருக்காங்க. தெரிஞ்சவங்க கை."

"அண்ணி போட்ருப்பாங்க," என்றான் பகலவன், கேட்காமலே. "வேல அசதில மறந்துட்ருப்பாங்க."

மெர்சி அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதைத் தவிர பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

டாக்டர் மூடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ரயிலை ஓட்டச் சொன்னார். மெர்சி குமிழைத் திருப்பினாள். மூடி இல்லாத எஞ்சின், எலும்பு தெரிய ஓடியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் குகைக்குள் போய் நின்றது.

"எப்பவும் இங்கதான் சார் நிக்குது."

"எஞ்சின்ல கோளாறு இல்ல. கடைசிப் பெட்டி வளைவுல ஏறும்போது எங்கயோ உரசி ஷார்ட் ஆகுது. கவுத்துப் பாருங்க." எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எனக்குத் திருப்திம்மா. ஒண்ணேமுக்கால் லட்சம். சம்மதம்னா இப்பவே எடுத்துக்கறேன். கார்ல பபுள் ராப் இருக்கு, கொண்டு வரேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது அண்ணி," என்று பகலவன் மூச்சு விட்டான்.

மெர்சி கடைசிப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் சக்கரங்களுக்கு நடுவே ஒரு துண்டு டேப், ஓரம் பிரிந்து சுருண்டு தொங்கியது. அதுதான் வளைவில் பெட்டியின் அடித் தகட்டைத் தள்ளி, சக்கரத்தோடு உரசவிட்டிருக்கிறது. சக்கரம் துடைத்த நாளில் அழுக்கோடு அழுக்காக ஒட்டிக் கிடந்ததால் கண்ணில் படவில்லை. சுருளை விரலால் விரித்தாள்.

ஒன்றுக்குக் கீழே கோடு போட்ட கையெழுத்து.

4815.

வருஷம் முன்னே, வாரம் பின்னே. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாம் வருஷம், பதினைந்தாவது வாரம்.

அப்படி ஒரு வருஷம் இன்னும் வரவே இல்லை.

திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்தெட்டாவது வாரம், 2015. நவம்பர் கடைசி. விடாத மழை, கம்பெனிக்கு லீவு விட்டு அவன் வீட்டிலேயே உட்கார்ந்து இந்தப் பெட்டியின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்த வாரம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பட்டாணி உரித்தது கூட நினைவு வந்தது. அடுத்த வாரம் வெள்ளம்.

அப்படியென்றால் அவன் வாரத்தை முன்னால் எழுதுகிறவன்.

மெர்சியின் கண் மெதுவாக, அவளைக் கேட்காமலே, மூடி திறந்து கிடந்த எஞ்சினின் பக்கம் போனது.

பதினைந்து, இருபத்திரண்டு.

ஒருவேளை நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ. ஒருவேளை அவன் இப்படியும் அப்படியும் மாற்றி எழுதியிருப்பானோ. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான் அறையில் இருந்தான். அதே கம்பெனி. ஸ்டோர்ஸ். பழைய சரக்கு முதலில் போக வேண்டும் என்பதற்காக, ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு பெட்டியின் தேதிக் குறியீட்டை வாய்விட்டுப் படிப்பது அவன் பிழைப்பு.

எஞ்சினை எடுத்து அவனிடம் நீட்டினாள். குரலை வழக்கம்போல வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

"தம்பி, கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டேன். இதுல இன்னா எழுதிக் கீது, பாத்துச் சொல்லு."

பகலவன் வாங்கிக்கொண்டான். ஒரு கண்ணைச் சுருக்கினான். ஸ்டோர்ஸில் நின்று படிக்கிற அதே வேகம், அதே ராகம்.

"பதினஞ்சாவது வாரம், இருபத்திரண்டு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது அவனுக்கு. வாய் மூடியது. எஞ்சினைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே நின்றது.

2022, பதினைந்தாவது வாரம். சித்திரை பிறந்த வாரம். வெள்ளம் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"அந்த வருஷம் ட்ரங்குப் பொட்டி உன் வூட்ல தானே இருந்துது?" என்றாள் மெர்சி.

பகலவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கோர்ட்ல ஏறி நின்னு இன்னா சொன்ன நீ? ஜட்ஜு கேட்டாரே. ஏழு வருஷமா அண்ணன் கிட்டருந்து ஒரு தகவலும் இல்லன்னு சொன்ன. உன் சொல்ல வெச்சுத்தான் எனக்குப் பேப்பர் குடுத்தாங்க. அந்தப் பேப்பர நம்பித்தான் திங்கக்கெழமை நான் ஒரு மனுசன் பக்கத்துல போய் நிக்கப் போறேன்."

"அண்ணி, டாக்டர் வந்துடுவாரு. அப்பறம் பேசலாம்."

"இதுல எழுதினது யாரு?"

"அது அண்ணன் கையெழுத்து மாதிரி..."

"மாதிரியா?"

அவன் எஞ்சினைத் தண்டவாளத்தின் மேல் வைத்தான். குழந்தையைக் கிடத்துவதுபோல அத்தனை பதனமாக வைத்தான். வைத்த பிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. கோபக்காரன் கை இல்லை அது. பிடிபட்டவன் கையும் முழுசாக இல்லை. பல நாள் பாரத்தை இறக்கி வைக்கத் தெரியாதவன் கை.

"எனக்குன்னு நான் ஒண்ணும் செய்யல அண்ணி. அத மட்டும் நம்புங்க," என்றான்.

மெர்சியின் பார்வை ட்ரான்ஸ்ஃபார்மரில் நின்றது. கறுப்புத் தகரப் பெட்டி. குமிழ் பூஜ்யத்தில் இல்லாததால் இன்னும் முனகிக்கொண்டிருந்தது. இந்தப் பெட்டியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில், எப்போது தொட்டாலும் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு கரண்டு அடிக்கும். "செருப்பு போட்டுக்கினு தொடு மெர்சி" என்று உதயன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கத்துவான். சரிபண்ணுகிறேன் சரிபண்ணுகிறேன் என்று மூன்று வருஷம் சொன்னான், பண்ணவே இல்லை.

இந்தப் பதினான்கு நாளில் அவள் வெறுங்காலோடு அதை எத்தனை தடவை தொட்டாள்.

ஒரு தடவை கூட அடிக்கவில்லை.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். முனகல் நின்றதும்தான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

"அத தொறக்காதீங்க அண்ணி."

"ஏன்? கரண்டு அடிக்குமா?"

"அண்ணி, உங்க கால்ல வுழறேன்..."

அவன் கால் பக்கம் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். டாக்டர் விட்டுப் போன ஸ்க்ரூடிரைவரை மெர்சி எடுத்தாள். நாலு திருகு. நான்கும் இறுக்கமாக, ஆனால் துருவின்றி இருந்தன. லைனில் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலைதான். மூன்றாவது திருகு கைநழுவி உருண்டு குகைக்குள் ஓடியது. தேடவில்லை.

மூடியைத் தூக்கினாள்.

உள்ளே பழைய செம்புச் சுருள். அதன் பக்கத்தில், தகர உடம்போடு சேர்த்துத் திருகிய பச்சை எர்த் வயர். புத்தம் புதுசு. மேல்தோல் இன்னும் பளபளத்தது. அதுதான் கரண்டு அடிக்காததன் காரணம். இத்தனை வருஷம் கழித்து யாரோ அவளுக்குக் கரண்டு அடிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

வயருக்குக் கீழே ஒரு துண்டு டேப்.

0526.

அவள் கம்பெனிக் கணக்கில் படித்தால் 2005. அப்போது இந்த ரயிலே அவர்கள் வீட்டில் இல்லை.

மெர்சி எழுந்து சுவர்க் காலண்டரிடம் போனாள். படிக்கத் தெரியாதவள்போல விரல் வைத்து எண்ணினாள். ஐந்தாவது வாரம், இருபத்தாறு. இந்த வருஷம். திங்கட்கிழமை குடியரசு தினம் வந்த வாரம். அந்த வாரத்தின் கடைசி நாள் ஞாயிறு. பிப்ரவரி ஒன்று. பகலவன் ட்ரங்கைத் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்த நாள்.

இது ஏழாவது வாரம்.

திரும்பி வந்து டேப்பின் மேல் விரலை வைத்தாள். ஓரத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று எண்ணெயில் பதிந்திருந்தது. அவள் விரல் பட்டதும் அது கலைந்து, கறுப்பாக அவள் நுனிவிரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாசனை.

"கல்யாணம்னு அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பகலவன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தான். ஆமாம் என்றுதான் அசைத்தான்.

படியில் செருப்புச் சத்தம். மெர்சி கைப்பையைத் திறந்தாள். லைனில் சந்தேகப்பட்ட சரக்கு வெளியே போகாமல் கட்டி வைக்கிற மஞ்சள் அட்டை ஒன்று, கம்பெனியிலிருந்து தெரியாமல் கூடவே வந்தது, அடியில் கிடந்தது. நூலோடு எடுத்து எஞ்சினின் புகைபோக்கியில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது.

டாக்டர் பபுள் ராப்பைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே வந்தார். திறந்து கிடந்த ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குனிந்து எட்டிப் பார்த்தார்.

"அட, இதையும் சரிபண்ணியிருக்காரே. எர்த் எவ்வளவு சுத்தமா குடுத்திருக்கார் பாருங்க. பேக் பண்ணிடலாமா?"

"மன்னிச்சுக்கோங்க சார். பொருள் ஹோல்டுல கீது. இன்னிக்கு வெளிய போவாது."

அவர் மஞ்சள் அட்டையைப் பார்த்தார். பகலவனைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மறுபடி அந்தப் பச்சை வயரையே பார்த்தார்.

"நல்ல கைம்மா. இந்த ரயில் வேலை எல்லாம் பாத்தது உங்க வீட்டுக்காரர்னு இவர் போன்ல சொன்னார். ஆனா அவர் இப்போ இல்லன்னும் சொன்னாரே?"

மேசை மேல் செல்போன் அதிர்ந்தது. திரையில் தேவராஜன் பெயர். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்தது. மெர்சி அதை எடுக்கவில்லை. கொழுந்தன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், டாக்டருக்குப் பதில் சொன்னாள்.

"அப்பிடித்தான் சார் கோர்ட்டுப் பேப்பர்ல எழுதிக் கீது."